இடித்துவிட்ட தியேட்டரைப் பார்க்க வருகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் போட்டுக்கொண்டு வரும் பட்டியலில் குலதெய்வக் கோயில் இருக்கும், தி.நகர் இருக்கும், பல் வைத்தியர் இருப்பார். கூட அறுபதைத் தாண்டிய ஒருவர் வருகிறார் என்றால் பட்டியலில் ஏறாத ஓர் இடமும் இருக்கும். அவர் கல்லூரியைக் கட் அடித்துவிட்டுப் படம் பார்த்த தியேட்டர். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் காரிலேயே, "சாந்தி இருக்கா? சபையர் இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். இல்லை. இரண்டுமே இல்லை. ஆனாலும் போய்ப் பார்க்கலாம், பார்க்க விஷயமும் இருக்கிறது. எங்கே போவது, எதைத் தெரிந்துகொண்டு போவது, எங்கே கேமராவை உள்ளே வைப்பது என்று சொல்லத்தான் இது.

விசா, ஓசிஐ, சிம் கார்டு பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அதை வேறு இடத்தில் படித்திருப்பீர்கள். நான் சொல்வது பெரும்பாலும் சென்னை, கடைசியில் கொஞ்சம் கோவையும் மதுரையும்.

முதலில் ஒன்று. இடித்த தியேட்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டுப்பாடம் செய்யாமல் போகாதீர்கள். கோயிலுக்கு அது தேவையில்லை, கோயில் அங்கேயே நிற்கும். தியேட்டர் நின்ற இடத்தில் கண்ணாடிச் சுவரும் வாகன நிறுத்தமும்தான் இருக்கும். அங்கே என்ன ஓடியது, எத்தனை நாள் ஓடியது, எந்தப் பக்கம் டிக்கெட் வரிசை நின்றது என்று தெரியாமல் போய் நின்றால் ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள், பெரியவரும் "சரி, போகலாம்" என்பார். தெரிந்துகொண்டு போனால் அதே இடத்தில் அரை மணி நேரம் பேச்சு ஓடும்.

சாந்தியிலிருந்து தொடங்குங்கள்

அண்ணா சாலை என்று பலகையில் எழுதியிருக்கும். பெரியவர்கள் மவுண்ட் ரோடு என்றுதான் சொல்வார்கள், ஆட்டோக்காரருக்கும் அதுவே போதும். மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்குங்கள். மின்தூக்கி, நகரும் படிக்கட்டு எல்லாம் இருப்பதால் முட்டி வலி உள்ளவர்களுக்கு இதுதான் நல்ல வழி. மேலே வந்து தேவி தியேட்டர் பக்கம் நடந்தால் சாந்தி நின்ற இடம் வந்துவிடும். இப்போது அங்கே இருப்பது வணிக வளாகம்.

சாந்தி 1961-ல் தொடங்கியது. சிவாஜி கணேசன் குடும்பத்தின் தியேட்டர். அதனாலேயே அது வெறும் தியேட்டராக இருக்கவில்லை. சிவாஜி ரசிகர்களுக்கு அது தலைமையகம் மாதிரி. மன்றத்துக்காரர்கள் சாயங்காலம் வந்து நின்று பேசுவது, எந்த ஊரில் எத்தனையாவது நாள் ஓடுகிறது என்று கணக்குச் சொல்வது, எதிர் மன்றத்தோடு வாய்ச்சண்டை போடுவது எல்லாம் அந்த வாசலில் நடந்தவை. 'பாவமன்னிப்பு' வந்தபோது தியேட்டருக்கு மேலே ராட்சத பலூன் பறக்கவிட்டார்கள் என்பதை அந்தக் காலத்துச் சென்னைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். சிவாஜியின் 200-வது படமான 'திரிசூலம்' 1979-ல் இங்கே 175 நாள் ஓடியது. அப்புறம் 2005-ல் வந்த 'சந்திரமுகி' இதே தியேட்டரில் 890 நாள் ஓடியது. 2016-ல் மூடினார்கள். பிறகு இடித்தார்கள்.

அந்த 890 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிராட்வேக்குப் போகும்போது அது வேண்டும்.

சாந்தி நின்ற இடத்தில் தியேட்டருக்கென்று ஒரு நினைவிடத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சிவாஜிக்கு நினைவு மண்டபம் இருக்கிறது, ஆனால் அது அடையாறில். கடற்கரைச் சாலையில் இருந்த அவருடைய சிலையை 2017 ஆகஸ்டில் எடுத்து அங்கே கொண்டுபோனார்கள். அக்டோபர் 1-ம் தேதி, அவர் பிறந்தநாளன்று, மண்டபத்தைத் திறந்தார்கள். சாந்தியைப் பார்த்துவிட்டு அங்கே போவது நல்ல திட்டம்தான். ஆனால் என் அபிப்பிராயத்தைக் கேட்டால், சிவாஜியை நினைக்க மண்டபத்தைவிட மவுண்ட் ரோட்டு நடைபாதையே மேல். மண்டபத்தில் நடிகர் இருக்கிறார், ரசிகன் இல்லை. ரசிகன் வெயிலில் வரிசையில் நின்றது இங்கேதான்.

எம்.ஜி.ஆர். ரசிகர்களுக்கு ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். 1973-ல் 'உலகம் சுற்றும் வாலிபன்' ஓடிய தேவி பாரடைஸ் அதே சாலையில் இன்னும் இருக்கிறது. சிங்கப்பூர், ஹாங்காங், ஜப்பான் என்று சுற்றி எடுத்த படம் அது. சிங்கப்பூர்க் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான தியேட்டர் கிடையாது. சரிவுப் பாதையில் சுற்றிச் சுற்றி ஏறித்தான் பாரடைஸுக்குள் போக வேண்டும். படம் எதுவாக இருந்தாலும் ஒரு டிக்கெட் எடுத்து ஏறிப் பாருங்கள். தேவி வளாகம் 1970-ல் தொடங்கியது. வெளிநாட்டு அட்டை சில நேரம் டிக்கெட் செயலியில் வேலை செய்யாது. உள்ளூர்ச் சொந்தக்காரர் யாரையாவது எடுத்துத் தரச் சொல்லுங்கள், அல்லது நேரே கவுன்டருக்குப் போங்கள்.

மவுண்ட் ரோட்டில் ஒரு காலை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மவுண்ட் ரோட்டில் நிம்மதியாக நடக்கலாம். மற்ற நாளில் நடைபாதையில் நின்று எதிர்ப் பக்கத்துக் கட்டடத்தைக் காட்டுவதற்குள் நான்கு பேர் இடித்துவிட்டுப் போவார்கள். ஏப்ரல், மே வேண்டாம். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை மழையை நம்ப முடியாது. தை பிறந்த பிறகு வருவது உத்தமம்.

ஒரே ஒரு சிக்கல், அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகம் ஞாயிறன்று மூடியிருக்கலாம். அதைப் பார்க்க வேலை நாளில் வருவது நல்லது. அஞ்சலக வளாகத்தில் அஞ்சல்தலைப் பிரிவு இயங்கும் பழைய கட்டடம் ஒரு காலத்தில் தியேட்டர். எலெக்ட்ரிக் தியேட்டர் என்று பெயர். வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயர் 1910-களின் தொடக்கத்தில் நடத்தியது. ஊமைப்பட காலம். அப்புறம் அஞ்சல் துறை வாங்கிவிட்டது. அரசு அலுவலகமாக மாறியதால்தான் அது பிழைத்தது. தனியார் கையில் இருந்திருந்தால் என்றோ போயிருக்கும். உள்ளே போய் அஞ்சல்தலை வாங்குகிற சாக்கில் கூரையையும் சுவரையும் பார்த்துவிட்டு வரலாம். சென்னையின் ஆரம்பகாலத் தியேட்டர் ஒன்றுக்குள் இன்று நிற்க வேண்டுமென்றால் இதுதான் இடம். வாசலில் கூட்டமோ வரிசையோ கிடையாது.

அங்கிருந்து பிளாக்கர்ஸ் சாலைப் பக்கம் வந்தால் கெயிட்டி நின்ற இடம். 1914-ல் ரகுபதி வெங்கையா கட்டியது, சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் நிரந்தரத் தியேட்டர். கிரௌன், குளோப் இரண்டையும் அவரே கட்டினார். தெலுங்கு சினிமாவுக்குத் தந்தை என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். ஆந்திர அரசு அவர் பெயரில் விருது வைத்தது. அவர் தியேட்டர் கட்டிய தெருவில் பத்துப் பேரைக் கேளுங்கள், ஒருவருக்காவது பெயர் தெரிந்தால் எனக்கு ஆச்சரியம்தான். கெயிட்டியும் இப்போது இல்லை.

சபையர் பார்க்க வேண்டுமென்றால் அங்கிருந்து ஆட்டோ பிடித்து ஜெமினி போங்கள். 1964-ல் 'கிளியோபாட்ரா' படத்தோடு திறந்த வளாகம். சபையர், புளூ டயமண்ட், எமரால்டு என்று ஒரே கூரையின் கீழ் மூன்று தியேட்டர். மல்டிபிளக்ஸ் என்ற சொல் ஊருக்குள் வருவதற்கு முப்பது வருடம் முன்பு. புளூ டயமண்டில் படம் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். மே மாத மதியத்தில் ஏசிக்காகவே போனவர்கள் உண்டு. காதலர்களும் உண்டு. உங்களோடு வந்திருக்கும் பெரியவர் புளூ டயமண்ட் பெயரைக் கேட்டதும் பேச்சை மாற்றினால், பிள்ளைகள் முன்னால் மேற்கொண்டு கேட்காதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சபையர் நின்ற இடத்துக்கு எதிரே அமெரிக்கத் துணைத் தூதரகம். அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். போலீஸ் எப்போதும் நிற்கும், படத்தை அழிக்கச் சொல்வார்கள், கேள்வி கேட்பார்கள். தெருவைப் பார்த்துப் பேசிக்கொண்டு நின்றால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. வெளிநாட்டிலிருந்து ட்ரோன் கொண்டுவரும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். 2022-லேயே ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்துவிட்டது. சுங்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஜெமினியில் நிற்கும்போது பிள்ளைகளுக்கு ஒன்றைக் காட்டலாம். மேலே போகும் பாலத்தின் அரசுப் பெயர் அண்ணா மேம்பாலம். ஊர் சொல்லும் பெயர் ஜெமினி. அந்தப் பெயரைக் கொடுத்த ஜெமினி ஸ்டுடியோ போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. யாரும் அடிக்கல் நாட்டாமல், யாரும் மாலை போடாமல் நிற்கிற நினைவுச் சின்னம் என்றால் இந்த மாதிரிப் பெயர்கள்தான். அசோக் நகரில் உதயம் தியேட்டரும் அப்படி. 1983-ல் வந்தது, 2024-ல் மூடினார்கள். ஆனால் பேருந்தில் ஏறி "உதயம் ஒண்ணு" என்றால் நடத்துநர் சரியான டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். ஆகவே முகவரி தெரியாவிட்டாலும் கவலைப்பட வேண்டாம். பழைய தியேட்டர் பெயரையே ஆட்டோக்காரரிடம் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் இளைஞராக இருந்தால் விழிப்பார், பக்கத்து ஸ்டாண்டில் ஒரு பெரியவர் இருப்பார், அவர் வழி சொல்வார். கூகுள் வரைபடத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மூடிய தியேட்டருக்கு அது சில சமயம் இரண்டு மூன்று இடம் காட்டும்.

பிராட்வே, மூன்று தீபாவளி

மெட்ரோவில் அரசினர் தோட்டத்துக்கு அடுத்து சென்ட்ரல், அதற்கடுத்து உயர் நீதிமன்றம். அங்கே இறங்கினால் பிராட்வே. இப்போது பிரகாசம் சாலை. பிராட்வே டாக்கீஸ் இந்தச் சாலையில்தான் இருந்தது.

1944 தீபாவளிக்கு இங்கே 'ஹரிதாஸ்' வெளியானது. எம்.கே. தியாகராஜ பாகவதர் படம். வந்து சில வாரங்களில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. பாகவதரைக் கைது செய்துவிட்டார்கள், கூடவே என்.எஸ். கிருஷ்ணனையும். நாயகன் சிறைக்குள், படம் கொட்டகைக்குள். அந்தப் படம் மூன்று தீபாவளியைக் கண்டது. மொத்தம் 784 நாள். அறுபது ஆண்டுக்கு மேல் அந்தக் கணக்கை யாரும் தாண்டவில்லை. தாண்டியது சாந்தியில் ஓடிய 'சந்திரமுகி', 890 நாள். ஆக, தமிழ்ப் படங்களில் சாதனை படைத்த இரண்டு ஓட்டமும் சென்னைக்குள், மெட்ரோவில் இரண்டே நிலைய தூரத்தில் நடந்திருக்கின்றன. இரண்டு கட்டடமும் இல்லை. வேறு ஊராக இருந்தால் இரண்டு வாசலிலும் பித்தளைத் தகடு பதித்து, சுற்றுலாப் பேருந்தை நிறுத்தி, டி-ஷர்ட் விற்றிருப்பார்கள்.

பாகவதர் 1947-ல் வெளியே வந்தார். வந்தபோது சினிமா மாறிவிட்டிருந்தது. பிராட்வேயில் நின்றுகொண்டு இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கொலை வழக்கு என்றதும் கைபேசியைக் கீழே வைப்பார்கள்.

பிராட்வே பகுதியில் சாயங்காலம் நடப்பது கஷ்டம். காலையில் போங்கள், கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

நினைவுச் சின்னம் என்று ஏதாவது இருக்கிறதா?

சென்ட்ரலில் இறங்கினால் இரண்டு விஷயம் பார்க்கலாம். ஒன்று விக்டோரியா பப்ளிக் ஹால், ரிப்பன் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செங்கல் கட்டடம். ராபர்ட் சிஷோம் வடிவமைத்தது, நம்பெருமாள் செட்டி கட்டியது. சென்னையில் சலனப்படம் முதலில் காட்டப்பட்ட இடங்களில் ஒன்று. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபா நாடகம் போட்டதும் இங்கேதான். பல ஆண்டுகள் பூட்டி, புழுதி படிந்து கிடந்தது. பிறகு மாநகராட்சி புதுப்பிக்கும் வேலையை எடுத்தது. நீங்கள் வரும் சமயத்தில் உள்ளே விடுகிறார்களா, எந்த நேரம் என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். உள்ளே போக முடியாவிட்டாலும் வெளியிலிருந்து பார்ப்பதற்கே வரலாம்.

இன்னொன்று, புறநகர் ரயில் நிலைய வளாகத்தில் இருக்கும் மூர் மார்க்கெட்டின் சின்ன மாதிரி. 1985-ல் எரிந்துபோன மார்க்கெட் அது. தியேட்டர் இல்லைதான். ஆனால் இல்லாமல் போன கட்டடம் ஒன்றுக்கு இந்த நகரம் எழுப்பியிருக்கும் நினைவுச் சின்னம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் இதைப் பாருங்கள். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் ரயில் பிடிக்க ஓடும் வழி. நின்று பார்க்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அது எதன் மாதிரி என்று பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஏன் இப்படி என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள். லண்டனில் வளர்ந்த பிள்ளைக்கு, பிரபலங்கள் வாழ்ந்த வீட்டுச் சுவரில் பதிக்கும் நீலத் தகட்டைத் தெருவுக்குத் தெரு பார்த்த கண்ணுக்கு, இது புரியாது. சுருக்கமான பதில் இதுதான். தொல்லியல் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்க நூறு ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். மூடும்போது சாந்திக்கு 55 வயது. அது தனியார் சொத்து, மவுண்ட் ரோட்டு நிலம். ஆயிரம் இருக்கை கொண்ட ஒரே அரங்கை வாரத்தில் நான்கு நாள் நிரப்ப முடியாத காலம் வந்தபின் எந்த உரிமையாளரும் கணக்குத்தான் போடுவார். அவரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எழுபதுகளில் வாரம் இரண்டு படம் பார்த்த நாமும் கேபிள் வந்ததும் வீட்டில் உட்கார்ந்துவிட்டோம். ஆனால் இடிப்பதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்து வைக்கவும், முகப்பில் இருந்த எழுத்தைக் கழற்றி ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கவும், புதுக் கட்டடத்தின் சுவரில் ஒரு கல் பதிக்கவும் பெரிய செலவு ஆகாது. அதற்குக்கூட இங்கே வழக்கம் ஏற்படவில்லை என்பதுதான் வருத்தம்.

சிலையோ நினைவுக் கல்லோ குப்பை சூழ்ந்து கிடப்பதைப் பார்த்தால் முகநூலில் படம் போட்டுப் புலம்புவதோடு நிறுத்திவிடாதீர்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் 1913 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம். மாநில அளவில் 'முதல்வரின் முகவரி' என்ற குறைதீர்ப்புத் துறை, எண் 1100. இணையத்திலும் மனு போடலாம், ஊருக்குத் திரும்பிய பிறகு அதுதான் வசதி. "சின்னம் அசிங்கமாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது. எந்தச் சாலை, எதற்கு எதிரே, என்ன உடைந்திருக்கிறது, எந்தத் தேதியில் எடுத்த படம் என்று எழுதுங்கள். புகார் எண்ணைக் குறித்துவைத்து அதே எண்ணைச் சொல்லித் திரும்பக் கேளுங்கள். குப்பை, விளக்கு, உடைந்த நடைபாதை போன்றவற்றுக்குப் பலன் கிடைக்கும். புதுக் கல்வெட்டு வைக்கச் சொன்னால் அவ்வளவு சுலபத்தில் நடக்காது. அதற்கு உள்ளூர் ஆட்கள் பின்னால் அலைய வேண்டும்.

காகிதத்தில் பிழைத்திருப்பவை

கட்டடத்தைவிடக் காகிதம் நன்றாகப் பிழைத்திருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும் நோட்டீசுகளும்தான் அதன் மூலதனம். பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் அங்கே உண்டு. தியேட்டரில் இடைவேளையில் சில காசுக்கு விற்றார்களே, கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போடுவார்களே, அவைதான். முன்கூட்டியே எழுதி, என்ன படம், எந்த ஆண்டு என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஆராய்ச்சி நூலகம் என்பதால் வேடிக்கை பார்க்கக் குடும்பத்தோடு போய் இறங்குவது சரியில்லை. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களைக் கேட்டுப் பார்க்கலாம். அப்பா அம்மா கல்யாணமான வாரத்தில் எந்தத் தியேட்டரில் என்ன ஓடியது என்று விளம்பரத்தில் பார்க்கும்போது அவர்களுக்கே மறந்துபோனது திரும்ப வரும்.

விலைக்கு வாங்க ஆசைப்பட்டால் திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பழைய புத்தகக் கடைகளைப் பாருங்கள். கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். 'ஒரிஜினல் போஸ்டர்' என்று சொல்லிப் புதிதாக அச்சடித்ததைத் தருவார்கள். பழைய லித்தோ அச்சில் நிறம் புள்ளி புள்ளியாகத் தெரியாது, மடிப்பில் காகிதம் உடையும், ஓரத்தில் அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். இவற்றைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். நாட்டை விட்டு எடுத்துப்போகும்போது 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தை நினைவில் வையுங்கள். நூறு ஆண்டு கடந்த பொருளையும், முக்கியமான கையெழுத்துப் பிரதியாக இருந்தால் 75 ஆண்டு கடந்ததையும் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. ஐம்பதுகளின் பாட்டுப் புத்தகத்துக்குப் பிரச்சினை இல்லை.

வடபழனியில் ஏவிஎம் வளாகத்தில் 2023-ல் திறந்த அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. பழைய கார்களும் ஸ்டுடியோ கருவிகளும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கோவை, மதுரை

கோவைக்குப் போகிறவர்கள் டவுன் ஹால் பக்கத்தில் வெரைட்டி ஹால் சாலை என்ற பெயர்ப்பலகையைப் பார்க்காமல் வர முடியாது. அந்த ஹால் ஒரு தியேட்டர். 1914-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டியது. திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக இருந்தவர். 1905-ல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். பெஷாவர், லாகூர் வரை வடக்கே. பிறகு பர்மா, மலாயா, சிங்கப்பூர். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் கொள்ளுத் தாத்தா முதன்முதலில் பார்த்த சலனப்படம் இந்தக் கோயம்புத்தூர்க்காரர் கூடாரத்தில் பார்த்ததாக இருந்தாலும் இருக்கலாம்.

வெரைட்டி ஹால் பின்னாளில் டிலைட் தியேட்டர் ஆனது. நூறு ஆண்டைத் தாண்டியும் நின்றது. அப்படியும் இடித்துவிட்டார்கள். நூறு வயதானால் சட்டம் காப்பாற்றும் என்று நினைப்பவர்களுக்கு இது பதில், யாராவது பட்டியலில் சேர்த்தால்தான் சட்டம் பேசும். இன்று அவருக்கு மிஞ்சியிருக்கும் பெரிய நினைவுச் சின்னம் அந்தச் சாலையின் பெயர். கடைப் பலகைகளில் முகவரியாகவும் அது இருக்கும். ரயில் நிலையத்திலிருந்து பக்கம்தான். பலகையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, பெரியகடை வீதியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம். தனியாக ஒரு நாள் ஒதுக்கத் தேவையில்லை.

மதுரையில் தங்கம் தியேட்டர். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம், மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு தொடங்கியது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருக்கை. ஆசியாவிலேயே பெரிசு என்று மதுரைக்காரர்கள் சொல்வார்கள், சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். இப்போது அங்கே பல மாடித் துணிக்கடை. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்தவர்கள் மாடி ஏறிக்கொண்டிருப்பார்கள். எந்த மாடியில் பால்கனி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நீங்களும் ஒரு புடவை எடுக்கலாம். சிந்தாமணி தியேட்டரின் கதை இன்னும் சுவையானது. 1937-ல் வந்த 'சிந்தாமணி' படத்தின் லாபத்தில் கட்டி, படத்தின் பெயரையே வைத்த தியேட்டர் அது. அதிலும் நாயகன் பாகவதர்தான்.

கூட வரும் பெரியவருக்காகச் சில வார்த்தை. இடத்தைப் பார்த்ததும் அவர் மௌனமாகிவிட்டால் உடனே கேள்வி கேட்காதீர்கள். அருகில் ஒரு காபிக் கடையில் உட்காரவைத்து, "தரை டிக்கெட்டா, பெஞ்சா, சோபாவா?" என்று தொடங்குங்கள். "எப்படி உணர்ந்தீர்கள்?" என்றெல்லாம் கேட்டால் பதில் வராது. யாரோடு போனார், டிக்கெட் காசு எங்கிருந்து வந்தது, செகண்ட் ஷோ விட்டு வீட்டுக்கு எப்படித் திரும்பினார், கதவைத் திறந்தது யார் என்று கேளுங்கள். கைபேசியை மேசையில் வைத்து ஒலிப்பதிவு மட்டும் போட்டால் போதும், வீடியோ என்றால் விறைப்பாகிவிடுவார். தெருச் சத்தம் அதிகம் என்பதால் அறைக்குத் திரும்பியதும் ஒரு முறை கேட்டுப் பார்த்து, புரியாத பெயர்களை அன்றே எழுதிவைத்துவிடுங்கள். மறுநாள் கேட்டால் அவருக்கும் மறந்திருக்கும். கட்டடத்துக்குள் போய்ப் படம் எடுப்பதென்றால் காவலாளியிடம் சொல்லிவிட்டு எடுங்கள். "எங்கப்பா இங்கே படம் பார்த்தவர்" என்று சொன்னால் பெரும்பாலும் விடுவார்கள். சில நேரம் காவலாளியே பழைய டிக்கெட் கிழிப்பவராக இருப்பார், அப்போது அவரையும் காபிக்கு அழையுங்கள்.